நான்கு பயணிகள், ஒரு டிக்கெட்: சினாரியோவில் அட்டவணை எதற்கு, எங்கே?

கேள்வி: கோவையில், ரயில் டிக்கெட் பதிவு செய்யும் செயலி ஒன்றை உருவாக்கும் குழுவில் டெஸ்டராக இருக்கிறேன். மேனுவல் டெஸ்டிங்கில் இருந்து ஆட்டோமேஷனுக்கு அண்மையில்தான் மாறினேன். சாதாரண வாக்கியங்களாக எழுதிய சோதனைகளை ஓட்டும் கியூக்கம்பர் என்ற கருவியை ஜாவாவில் பயன்படுத்துகிறோம். அதில் ஒரு சோதனைக்குச் சினாரியோ என்றும், அதன் ஒவ்வொரு வரிக்கும் ஸ்டெப் என்றும் பெயர். 'எதுவாக இருந்தாலும் டேபிளில் போடு, ஸ்டெப் குறையும்' என்பது எங்கள் லீடின் கொள்கை. டிக்கெட் ரத்துக்கான ஃபீச்சர் ஃபைலில் (சினாரியோக்களை எழுதிவைக்கும் ஃபைல்) இப்போது ஒரே அட்டவணை, 23 நெடுவரிசை, 40 வரிசை. தொழில் விதிகளைச் சொல்லும் பிசினஸ் அனலிஸ்ட் அந்த ஃபைலைத் திறப்பதையே விட்டுவிட்டார். ஏழாவது வரிசை தோற்றால் எட்டாவது ஓடுவதில்லை. காலிக் கட்டம் வந்தால், மதிப்பே இல்லை (நல்) என்று நல் பாயிண்டர் பிழை. 12ஆவது வரிசை தனியாக ஓடினால் தேறுகிறது, சேர்ந்து ஓடினால் தோற்கிறது. டேட்டா டேபிளுக்கும் எடுத்துக்காட்டு அட்டவணைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் எக்செல்லுக்கு மாற்றிவிடலாம் என்று வேறு இப்போது பேச்சு அடிபடுகிறது. ஃபைலையும் ஸ்டெப்புகளுக்கான ஜாவா கோடையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். எது சரி? லீடிடம் இதை எப்படிப் பேசுவது?

பதில்:

நீங்கள் அனுப்பிய அட்டவணையை வலப்பக்கம் நகர்த்திக்கொண்டே போனேன். பெயர், வயது, பாலினம், கைபேசி எண், மின்னஞ்சல், உணவு விருப்பம், கட்டண முறை என்று எல்லாம் தாண்டி, 19ஆவது நெடுவரிசையில்தான் 'ரத்து செய்த நேரம்' தலைகாட்டுகிறது. டிக்கெட் ரத்தைப் பற்றிய சோதனையில் முதலில் கண்ணில் பட வேண்டியதே அதுதான். அனலிஸ்ட் ஃபைலை மூடிவைத்ததில் வியப்பில்லை.

லீடை ஒரேயடியாகக் குறை சொல்லவும் முடியாது. அட்டவணை வைத்துச் சோதிப்பது பழைய, மதிப்பான வழக்கம். வார்ட் கன்னிங்ஹாம் 2002இல் உருவாக்கிய ஃபிட் என்ற கருவியில் அட்டவணைதான் சோதனையே. தொழில் தெரிந்தவர்கள் உள்ளீட்டையும் எதிர்பார்க்கும் விடையையும் அட்டவணையாக எழுதித் தருவார்கள். ஓட்டிப் பார்த்தால் சரியான கட்டம் பச்சையாகும், தவறானது சிவப்பாகும். டான் நார்த் 2003 வாக்கில் தொடங்கிய பி.டி.டி. (மென்பொருளின் நடத்தையை எடுத்துக்காட்டுகளால் சொல்லி உருவாக்கும்) முறையும், அஸ்லாக் ஹெல்லசாய் 2008இல் கொண்டுவந்த கியூக்கம்பரும் 'இந்த நிலையில், இது நடந்தால், இது விளையும்' என்ற வாக்கியத்தை முன்னுக்குக் கொண்டுவந்தன. அட்டவணை அந்த வாக்கியத்துக்குத் துணையாக நின்றது. உங்கள் லீட் கியூக்கம்பருக்குள் உட்கார்ந்துகொண்டு ஃபிட்டை ஓட்டிக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான்.

சரி, வித்தியாசத்துக்கு வருவோம். இரண்டும் ஒரே மாதிரி செங்குத்துக் கோடு போட்டு எழுதப்படுவதால்தான் இவ்வளவு குழப்பம். ஒரு ஸ்டெப்புக்கு நேர் கீழே எழுதினால் அது டேட்டா டேபிள். முழு அட்டவணையும் அந்த ஒரு ஸ்டெப்பை இயக்கும் ஜாவா ஃபங்ஷனுக்குக் கடைசி உள்ளீடாகப் போய்ச் சேரும். சினாரியோ ஒரே ஒரு முறை ஓடும். 'எடுத்துக்காட்டுகள்' என்ற தலைப்பின் கீழே எழுதினால், ஒவ்வொரு வரிசையும் தனிச் சினாரியோவாக விரியும். ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் ஹூக்குகள் (தயார்செய்து, துடைத்துவைக்கும் ஃபங்ஷன்கள்) ஓடும், ரிப்போர்ட்டில் தனித்தனி வரியாக வரும். ஏழாவது தோற்றாலும் எட்டாவது தன்பாட்டுக்கு ஓடும்.

எதை எங்கே வைப்பது என்று முடிவு செய்ய நான் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று. இந்த வரிசைகள் எல்லாம் ஒரே நேரத்தில் சேர்ந்து இருப்பவையா, அல்லது ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்றா? சேர்ந்து இருப்பவை என்றால் டேட்டா டேபிள். ஒன்றுக்குப் பதில் ஒன்று என்றால் எடுத்துக்காட்டுகள்.

உங்கள் துறையிலேயே இதைக் காட்டுவதற்கு அருமையான இடம் இருக்கிறது. இந்திய ரயில்வேயின் பணம் திருப்பித் தரும் விதிகள், 2015 நவம்பரில் நடைமுறைக்கு வந்த வடிவத்தை எடுத்துக்கொள்கிறேன். உங்கள் செயலி எந்தத் தேதியின் விதியில் ஓடுகிறதோ அதற்கேற்ப எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். சார்ட் தயாராவது குறித்த நிபந்தனைகளையும் ஜி.எஸ்.டி.யையும் இங்கே ஒதுக்கிவைக்கிறேன். அவற்றையும் இழுத்தால் இந்தப் பதில் முடியாது.

ஸ்லீப்பர் வகுப்பில் உறுதியான டிக்கெட். ரயில் கிளம்ப 48 மணி நேரத்துக்கு மேல் இருக்கும்போது ரத்து செய்தால் ஆளுக்கு 120 ரூபாய் பிடித்தம். 48 முதல் 12 மணி நேரத்துக்குள் என்றால் கட்டணத்தில் 25 சதவீதம். 12 முதல் 4 மணி நேரத்துக்குள் என்றால் 50 சதவீதம். ஆனால் இந்தச் சதவீதக் கணக்கில் எவ்வளவு குறைவாக வந்தாலும் 120க்குக் கீழே போகக் கூடாது. 4 மணி நேரத்துக்கும் குறைவு என்றால் ஒன்றும் திரும்ப வராது. ஆர்.ஏ.சி.யும் (படுக்கை இன்னும் உறுதியாகாமல் உட்கார இடம் மட்டும் கிடைத்த நிலை) காத்திருப்போர் பட்டியலும் தனிக் கதை: ரயில் கிளம்ப 30 நிமிடம் முன்பு வரை ரத்து செய்யலாம், ஆளுக்கு 60 ரூபாய்தான் பிடித்தம்.

இதில் ஒரு கிளை விதி உண்டு. ஒரே இ-டிக்கெட்டில் சிலர் உறுதியாகி, சிலர் ஆர்.ஏ.சி.யில் அல்லது காத்திருப்போர் பட்டியலில் இருந்தால், எல்லாருக்கும் சேர்த்து 30 நிமிடம் முன்பு வரை ரத்து செய்யவோ டி.டி.ஆர். (பணம் திரும்பக் கேட்கும் மனு) போடவோ செய்தால், உறுதியானவர்களுக்கும் அந்த 60 ரூபாய் மட்டுமே பிடித்தம். குடும்பமாகப் போகிறவர்களில் பாட்டிக்கு மட்டும் படுக்கை கிடைக்கவில்லை என்றால் மற்றவர்களும் போக மாட்டார்கள் இல்லையா, அதற்காக வைத்த விதி.

இதைச் சினாரியோவாக எழுதிப் பாருங்கள். ஃபீச்சர் ஃபைலை எழுதும் கெர்கின் மொழியில் தமிழ்ச் சொற்களுக்கும் இடம் இருக்கிறது, ஃபைலின் முதல் வரியில் மொழிக் குறியீட்டைத் தந்தால் போதும். அதனால் தமிழிலேயே எழுதுகிறேன்.

காட்சி: ஒருவர் மட்டும் ஆர்.ஏ.சி.யில் இருக்கும் டிக்கெட்டை முழுவதுமாகக் கைவிடுதல்
  கொடுக்கப்பட்ட ஒரே ஸ்லீப்பர் இ-டிக்கெட்டில் இந்தப் பயணிகள் இருக்கிறார்கள்
    | பயணி   | நிலை      | கட்டணம் |
    | செல்வி  | உறுதி     | 400     |
    | முருகன் | உறுதி     | 400     |
    | கவின்   | உறுதி     | 400     |
    | பாட்டி   | ஆர்.ஏ.சி. | 400     |
  எப்போது ரயில் கிளம்ப 2 மணி நேரம் இருக்கையில் எல்லாருக்கும் டி.டி.ஆர். போடப்படுகிறது
  அப்பொழுது திரும்பக் கிடைப்பது
    | பயணி   | தொகை |
    | செல்வி  | 340   |
    | முருகன் | 340   |
    | கவின்   | 340   |
    | பாட்டி   | 340   |

மொத்தம் 1,360 ரூபாய். இதே நான்கு வரிசையையும் எடுத்துக்காட்டுகளாக மாற்றினால் என்ன ஆகும்? நான்கு தனி டிக்கெட்டுகள் உருவாகும். செல்விக்கு 2 மணி நேரத்தில் பூஜ்யம், முருகனுக்கும் கவினுக்கும் பூஜ்யம், பாட்டிக்கு மட்டும் 340. பாட்டியின் வரிசை அருகில் இருப்பதால்தான் மற்ற மூவருக்கும் பணம் வருகிறது. ஒரு வரிசை இன்னொரு வரிசையின் விதியை மாற்றுகிறது என்றால் அவற்றைப் பிரிக்கவே முடியாது. அந்த இடத்தில் டேட்டா டேபிள் வேண்டுமா என்று யாரும் விவாதிக்கத் தேவையில்லை.

இந்தச் சினாரியோவுக்கு ஒரு துணைச் சினாரியோவும் எழுதிவையுங்கள்: பாட்டிக்கும் படுக்கை உறுதியாகிவிட்டது, மற்றதெல்லாம் அப்படியே. நான்கு பேருக்கும் பூஜ்யம். அட்டவணையில் ஒரே ஒரு கட்டம் மாறுகிறது, விடை 1,360இல் இருந்து பூஜ்யத்துக்குப் போகிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் விதி என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. இரண்டு சினாரியோ எழுதச் சலிப்பாக இருந்தால், டேட்டா டேபிளின் கட்டத்துக்குள்ளேயே <பாட்டியின் நிலை> என்று போட்டு, அதன் மதிப்புகளை எடுத்துக்காட்டுகளில் தரலாம். கியூக்கம்பர் இதை ஏற்கும். ஆனால் இரண்டு அட்டவணைக்கு நடுவே கண் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதால், எனக்கு இது அவ்வளவாகப் பிடிக்காது.

இனி மறுபக்கம். ஒரே ஒரு உறுதியான டிக்கெட், வெவ்வேறு நேரத்தில் ரத்து. இவை ஒன்றுக்குப் பதில் ஒன்று. ஒரே டிக்கெட்டை 48 மணி நேரம் முன்பும் ரத்து செய்து, 11 மணி நேரம் முன்பும் ரத்து செய்ய முடியாது. ஆகவே எடுத்துக்காட்டுகள்.

காட்சி வார்ப்புரு: உறுதியான ஸ்லீப்பர் டிக்கெட்டின் ரத்துப் பிடித்தம்
  கொடுக்கப்பட்ட <கட்டணம்> ரூபாய்க்கு உறுதியான ஒரு ஸ்லீப்பர் டிக்கெட் இருக்கிறது
  எப்போது ரயில் கிளம்ப <மீதி நேரம்> இருக்கையில் அது ரத்து செய்யப்படுகிறது
  அப்பொழுது பிடித்தம் <பிடித்தம்> ரூபாய்

  எடுத்துக்காட்டுகள்:
    | மீதி நேரம் | கட்டணம் | பிடித்தம் |
    | 48:01     | 800     | 120      |
    | 47:59     | 800     | 200      |
    | 47:59     | 400     | 120      |
    | 12:01     | 800     | 200      |
    | 11:59     | 800     | 400      |
    | 11:59     | 200     | 120      |
    | 4:01      | 800     | 400      |
    | 3:59      | 800     | 800      |

இதில் கட்டணம் ஏன் 800 என்று பாருங்கள். உங்கள் 40 வரிசையிலும் ஸ்லீப்பர் கட்டணம் 400தான். 400இல் 25 சதவீதம் 100. குறைந்தபட்சப் பிடித்தம் 120 என்பதால் விடை 120. 48 மணி நேரத்துக்கு மேலே இருந்தாலும் அதே 120. அதாவது எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே விடை. டெவலப்பர் 48 என்பதற்குப் பதிலாக 24 என்று கோடில் தட்டியிருந்தாலும் உங்கள் சோதனை பச்சையாகவே இருக்கும். ஸ்லீப்பரில் 480 ரூபாய்க்கு மேல் போனால்தான் 25 சதவீதம் 120ஐத் தாண்டும். அப்போதுதான் எல்லையின் இரண்டு பக்கமும் வேறு வேறு எண் வரும். 40 வரிசை எழுதியும் 48 மணி நேர எல்லையை உங்கள் அட்டவணை ஸ்லீப்பரில் ஒருமுறைகூடச் சோதிக்கவில்லை. வரிசைகளின் எண்ணிக்கையைக் காட்டி யாராவது பெருமைப்பட்டால் இந்த 480ஐ நினைவில் வையுங்கள்.

400 ரூபாய் வரிசை ஒன்றையும் வேண்டுமென்றேதான் விட்டுவைத்திருக்கிறேன். அது எல்லையைச் சோதிக்க வந்ததல்ல, குறைந்தபட்சப் பிடித்தத்தைச் சோதிக்க. 200 ரூபாய் வரிசையும் அப்படியே, 50 சதவீதப் பகுதிக்கு. இப்படி ஒவ்வொரு வரிசைக்கும் 'நீ எதற்கு வந்தாய்' என்று கேட்டால் பதில் வர வேண்டும். பதில் வராத வரிசையை நீக்கிவிடுங்கள். எட்டு வரிசையில் இருப்பதை ஒரே மூச்சில் வைப்பதைவிட, எடுத்துக்காட்டுகளை இரண்டாகப் பிரித்து ஒன்றுக்கு 'நேர எல்லைகள்' என்றும் இன்னொன்றுக்கு 'குறைந்தபட்சப் பிடித்தம்' என்றும் பெயர் வைக்கலாம். ஒரே வார்ப்புருவின் கீழ் ஒன்றுக்கு மேற்பட்ட எடுத்துக்காட்டுத் தொகுதிகளை கெர்கின் அனுமதிக்கிறது. இது பலருக்குத் தெரிவதில்லை.

ஏழாவது வரிசையோடு நின்றுபோகும் சிக்கலுக்கு இப்போது விடை தெரிந்திருக்கும். உங்கள் ஸ்டெப் டெஃபனிஷனில், அதாவது ஸ்டெப்பை இயக்கும் ஜாவா ஃபங்ஷனில், அட்டவணையை வாங்கி ஒரு ஃபார் லூப்புக்குள் ஒவ்வொரு வரிசையாக டிக்கெட் போட்டு, ரத்து செய்து, அங்கேயே அசர்ட்டும் (விடை சரிதானா என்ற சரிபார்ப்பு) செய்திருக்கிறார்கள். உள்ளீடும் விடையும் ஒரே அட்டவணையில், ஒரே ஸ்டெப்பில். முதல் அசர்ட் தோற்றதும் அந்த ஸ்டெப் முடிந்துபோகிறது. மிச்ச 33 வரிசைக்கும் என்ன கதி என்று ரிப்போர்ட்டில் தெரியாது. தோற்றாலும் நிற்காமல் தொடரும் சாஃப்ட் அசர்ட் போட்டு ஒப்பேற்றலாம் என்று யாராவது சொல்வார்கள். அது ஓடும், ஆனால் முந்தைய வரிசையில் உருவான டிக்கெட்டும் வாலட் இருப்பும் அடுத்த வரிசைக்குள் ஒட்டிக்கொண்டு வருவதை அது தடுக்காது. 12ஆவது வரிசை தனியாக ஓடினால் தேறுகிறது, சேர்ந்து ஓடினால் தோற்கிறது என்று எழுதியிருந்தீர்களே, காரணம் அதுவாகத்தான் இருக்கும். ஒரு ஸ்டெப்புக்குள் லூப் சுற்றி விடையையும் சரிபார்க்கிற இடத்தை எங்கே கண்டாலும், அது எடுத்துக்காட்டுகளாக மாற வேண்டியது என்று பெரும்பாலும் நம்பலாம்.

23 நெடுவரிசை விஷயத்துக்கு வருகிறேன். டிக்கெட் போட வேண்டும் என்றால் பெயர், வயது, கைபேசி எல்லாம் கட்டாயம், அதனால் போட்டோம் என்பார்கள். செயலிக்கு அவை கட்டாயம்தான், சினாரியோவுக்கு இல்லை. ஜாவா பக்கம் டிக்கெட்டை உருவாக்கித் தரும் ஒரு பில்டர் எழுதி, எல்லாவற்றுக்கும் இயல்பு மதிப்பு கொடுத்துவிடுங்கள்: வயது 35, வகுப்பு ஸ்லீப்பர், உணவு வேண்டாம், இப்படி. அட்டவணையில் எந்த நெடுவரிசை வருகிறதோ அது மட்டும் இயல்பு மதிப்பை மாற்றும். ஒரு நெடுவரிசையை வைப்பதா எடுப்பதா என்று தெரியவில்லையென்றால், அதன் மதிப்பை மாற்றினால் 'அப்பொழுது' பகுதியில் ஏதாவது மாறுமா என்று பாருங்கள். வயது மாறினால் பிடித்தம் மாறாது, ஆகவே வயது வேண்டாம். வகுப்பு மாறினால் மாறும்: 48 மணி நேரத்துக்கு மேல் என்றால் மூன்றடுக்கு ஏ.சி.க்கு 180, இரண்டடுக்கு ஏ.சி.க்கு 200, முதல் வகுப்பு ஏ.சி.க்கு 240. அதைப் பற்றிய வார்ப்புருவில் வகுப்பு இருக்கட்டும். நீங்கள் அனுப்பிய 23இல் இப்படி வடிகட்டிப் பார்த்தேன், ஐந்துதான் தேறியது: வகுப்பு, நிலை, கட்டணம், மீதி நேரம், எதிர்பார்க்கும் தொகை.

பயணத் தேதியை நேரடியாக எழுதியிருப்பதையும் எடுத்துவிடுங்கள். அந்தத் தேதி கடந்த மறுநாள் 40 வரிசையும் சிவப்பாகும், யாரோ ஒருவர் உட்கார்ந்து 40 தேதியையும் மாற்றுவார். விதியே 'கிளம்ப எவ்வளவு நேரம்' என்றுதான் பேசுகிறது. அட்டவணையும் அதையே பேசட்டும். சோதனைக்குள் கடிகாரத்தை நிறுத்திவைக்க டெவலப்பர்களிடம் ஒரு வழி கேட்டு வாங்குங்கள். ஜாவாவில் கிளாக் என்றே ஒரு கிளாஸ் இதற்காக இருக்கிறது. அது இல்லாமல் 47:59ஐயும் 48:01ஐயும் பிரித்துச் சோதிப்பது வெறும் கனவு.

ஒரே ஒரு பொருளைப் பற்றிப் பல விவரம் சொல்ல வேண்டிய இடத்தில், அட்டவணையைக் குறுக்காக எழுதாமல் நெடுக்காக எழுதுங்கள். இடப்பக்கம் விவரத்தின் பெயர், வலப்பக்கம் மதிப்பு. தலைப்பு வரிசை வேண்டாம். கியூக்கம்பரில் அதை மேப்பாக (பெயர்-மதிப்பு ஜோடிகளாக) வாங்கிக்கொள்ளலாம். திரையில் வலப்பக்கம் நகர்த்தும் தொல்லையும் இல்லை, கோடின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் ஒரு வரி மாறினால் எது மாறியது என்பதும் பளிச்சென்று தெரியும்.

அடுத்து, ஜாவாவில் உங்களைப் படுத்தும் சில சங்கதிகள்.

காலிக் கட்டம் இப்போதைய ஜாவா கியூக்கம்பரில் நல் ஆக வருகிறது. 'மதிப்பே தரவில்லை' என்பதும் 'வெற்றுச் சரம் தந்தார்கள்' என்பதும் வேறு வேறு. உணவு விருப்பத்தை யாரும் தொடாததும், தட்டிவிட்டு அழித்ததும் ஒன்றல்ல, இல்லையா? வெற்றுச் சரம்தான் வேண்டும் என்றால் கட்டத்தில் [காலி] என்பது போல ஒரு குறி எழுதி, டேட்டாடேபிள்டைப் அனொட்டேஷனில் (ஃபங்ஷனுக்கு மேலே எழுதும் குறிப்பு) ரீபிளேஸ்வித்எம்ப்டிஸ்ட்ரிங் என்ற இடத்தில் அந்தக் குறியைச் சொல்லிவிடலாம். படிப்பவருக்கும் அது வேண்டுமென்றே காலியாக விட்டது என்று புரியும்.

அதே அனொட்டேஷனை வைத்து ஒவ்வொரு வரிசையையும் நேராகப் பயணி ஆப்ஜெக்டாக மாற்றிவிடுங்கள். ஒவ்வொரு ஸ்டெப்பிலும் மேப்பைத் தோண்டிச் சரத்தை எண்ணாக்கும் வேலை மிச்சம். அப்போது வகைகளைப் பார்த்து வையுங்கள். கட்டத்தில் இருப்பதெல்லாம் அடிப்படையில் எழுத்துதான். பி.என்.ஆர். எண்ணை இன்ட் (முழு எண்) ஆக மாற்றியிருக்கிறார்கள். அது 10 இலக்கம், ஜாவாவின் இன்ட் 214 கோடி சொச்சத்தோடு முடிந்துவிடும். கூட்டிக் கழிக்காத எதையும் எண்ணாக மாற்றாதீர்கள். பணத்துக்குத் தசமத்தைத் தோராயமாக வைக்கும் டபுள் வேண்டாம், துல்லியமாக வைக்கும் பிக்டெசிமல். 485 ரூபாயில் 25 சதவீதம் 121.25; அந்த 25 காசை மேலே ஏற்றுவதா கீழே இறக்குவதா என்பதைக் கோடிங் முடிவு செய்யக் கூடாது. அனலிஸ்ட் சொல்லட்டும், அதற்கும் ஒரு வரிசை வையுங்கள்.

விடை அட்டவணையை ஒப்பிடும்போது நீங்களே லூப் எழுத வேண்டாம். டேட்டாடேபிளில் டிஃப், அன்ஆர்டர்ட்டிஃப் என்று இரண்டு இருக்கின்றன. முன்னது வரிசைக்கிரமமும் பொருந்த வேண்டும் என்கும், பின்னது கிரமத்தைப் பார்க்காது. பணம் திரும்பும் பட்டியலில் செல்வி முதலிலா கவின் முதலிலா என்பது யாருக்கும் பொருட்டில்லை, அன்ஆர்டர்ட்டிஃப் போதும். காத்திருப்போர் பட்டியல் நகர்வதைச் சோதிக்கும்போது கிரமம்தான் எல்லாமே, அங்கே டிஃப். இவை தோற்றால் எந்த வரிசை கூடுதல், எது குறைகிறது என்று அட்டவணையாகவே காட்டும். அசர்ட்ஈக்குவல்ஸ் துப்பும் நீண்ட வரியைக் கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

தமிழில் தலைப்பு வைத்தால் மட்டும் வரும் ஒரு வம்பும் உண்டு. 'தொகை' என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், எகரக் குறி, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றேதான். ஃபீச்சர் ஃபைலை ஒருவர் ஒரு கீபோர்டிலும், ஜாவா கோடை இன்னொருவர் வேறொன்றிலும் தட்டினால் 'தொகை' என்ற தலைப்பே இல்லை என்று நல் வரும். அரைநாள் போய்விடும். அட்டவணையை வாங்கும் இடத்திலேயே நார்மலைசர் கிளாஸை வைத்து என்.எஃப்.சி. என்ற ஒரே குறியீட்டு வடிவத்துக்கு மாற்றிவிட்டால் தொல்லை விட்டது.

எக்செல் யோசனைக்கு என் பதில்: வேண்டாம். கியூக்கம்பர் தானாக எக்செல்லைப் படிக்காது, அதற்கு நீங்கள் ஒரு ஒட்டுவேலை செய்ய வேண்டும். செய்தாலும், ஃபீச்சர் ஃபைலைத் திறக்கும் அனலிஸ்டுக்கு ஒரு ஷீட்டின் பெயர் மட்டும்தான் தெரியும், எண் எதுவும் தெரியாது. கிட்டில் யார் எந்தக் கட்டத்தை மாற்றினார்கள் என்று ரிவ்யூவில் பார்க்கவும் முடியாது. போதாக்குறைக்கு, 4:01 என்று தட்டினால் எக்செல் அதைக் கடிகார நேரமாக எடுத்துக்கொண்டு தன் இஷ்டத்துக்கு வடிவம் மாற்றும். எல்லா வகுப்பு, எல்லா நேரம், எல்லாக் கட்டணம் என்று 300 சேர்க்கைகளைச் சோதித்தே தீர வேண்டும் என்றால், பிடித்தத்தைக் கணக்கிடும் கிளாஸுக்கு ஜேயூனிட் என்ற ஜாவா சோதனைக் கருவியில் பாராமீட்டரைஸ்டு டெஸ்டாக (ஒரே சோதனை, பல மதிப்புகள்) எழுதச் சொல்லுங்கள். சில நொடியில் ஓடி முடியும். மனிதர்கள் உட்கார்ந்து படித்து 'ஆமாம், விதி இதுதான்' என்று சொல்ல வேண்டியவை மட்டும் ஃபீச்சர் ஃபைலில் இருக்கட்டும்.

கடைசியாக, லீடிடம் எப்படிப் பேசுவது என்று கேட்டிருந்தீர்கள். 'டேபிள் தப்பு' என்று தொடங்கினால் அது மானப் பிரச்சினையாகிவிடும். அவருக்கு டேபிள் பிடிக்கும். நீங்கள் காட்டப்போவதும் டேபிள்தான், சிறியது. 40 வரிசையையும் மாற்றுகிறேன் என்று கிளம்ப வேண்டாம். பாட்டி சினாரியோ ஒன்று, எல்லை வார்ப்புரு ஒன்று, இரண்டை மட்டும் தனி பிராஞ்சில் (கோடின் தனிப் பிரதியில்) எழுதுங்கள். பிறகு டெஸ்ட் சூழலில் கோடில் உள்ள 48ஐ 24 என்று மாற்றி, பழைய ஃபைலையும் புதியதையும் அவர் முன்னாலேயே ஓட்டிக் காட்டுங்கள். பழையதில் ஸ்லீப்பர் வரிசைகள் ஒன்றுகூடச் சிவப்பாகாது. புதியதில் 47:59, 800 என்ற வரிசை சிவப்பாகும். அதற்கு மேல் நீங்கள் வாதாட வேண்டியிருக்காது.

அனலிஸ்டிடம் போகும்போது விளக்கம் எதுவும் வேண்டாம், எட்டு வரிசை அட்டவணையைத் திரையில் வைத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: சரியாக 48:00 என்றால் பிடித்தம் 120ஆ, 200ஆ? '48 மணி நேரத்துக்கு மேல்' என்ற சொல்படி பார்த்தால் 200தான் வர வேண்டும், ஆனால் உங்கள் கோடில் எப்படி இருக்கிறதோ தெரியாது. அவர் சொல்லும் விடையை 48:01க்கும் 47:59க்கும் நடுவில் ஒன்பதாவது வரிசையாகச் சேர்த்து ஓட்டிப் பாருங்கள்.